வகுப்பறையில் பணக் கணக்கு: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை வரவு செலவு, வட்டி, சீட்டு, செல்போன் பணம் இதையெல்லாம் பாடத்தோடு சேர்த்துச் சொல்லித் தருகிறேன். அதைப் பார்த்துவிட்டு சக ஆசிரியர்களும் பிள்ளைகளைப் பெற்றவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "சேமியுங்கள் பிள்ளைகளே" என்ற உபதேசத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் தினக்கூலி வீட்டுப் பிள்ளைகள். சேமிப்பு நல்லது என்று தெரியாத அம்மா அந்த வீடுகளில் ஒருவர்கூட இல்லை. பணம் எப்போது வருகிறது, எப்போது போகிறது, நடுவில் விழும் பள்ளத்தை மூட வாங்கும் கடனுக்கு உண்மையில் எவ்வளவு கொடுக்கிறோம், இதுதான் பாடம்.

எந்த வகுப்பில் ஆரம்பிக்கலாம்?

சதவீதம் கைவந்த வகுப்பில். எட்டாம் வகுப்பு கணக்குப் புத்தகத்தில் "வாழ்வியல் கணிதம்" என்று ஒரு இயலே இருக்கிறது. தள்ளுபடி, ஜிஎஸ்டி, கூட்டு வட்டி எல்லாம் அதற்குள் வந்துவிடும், இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. அதற்குக் கீழே ஆறு, ஏழில் விலை ஒப்பிடுவது, சில்லறை எண்ணி வாங்குவது, கடைச் சீட்டைச் சரிபார்ப்பது போதும்.

தனியாகப் பாடவேளை கிடையாதே, சிலபஸை எப்போது முடிப்பது?

தனிப் பாடவேளை வேண்டாம். கேட்டாலும் தர மாட்டார்கள், தந்தாலும் ஆண்டுத் தேர்வு நெருங்கியதும் முதலில் பறிபோவது அதுதான். இருக்கிற கணக்குகளிலேயே பெயரையும் எண்ணையும் மாற்றுங்கள். "ஒருவர் 12,000 ரூபாயை 8 சதவீத வட்டிக்கு முதலீடு செய்கிறார்" என்ற கணக்கைப் போட்ட கையோடு, அதே 12,000-ஐ மூன்று பைசா வட்டிக்குக் கடன் வாங்கியவர் கணக்கையும் போடச் சொல்லுங்கள். பத்து நிமிடம்தான் கூடுதலாகப் போகும். தமிழாசிரியர் கடிதப் பயிற்சியில் வங்கி மேலாளருக்குப் புகார் எழுத வைக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் ஆசிரியருக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

முதல் வகுப்பில் என்ன செய்வது? பேசினால் தூங்கிவிடுகிறார்கள்.

பேசாதீர்கள். புளியங்கொட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். நான் செய்வதை அப்படியே சொல்கிறேன், உங்கள் ஊருக்குத் தகுந்தாற்போல் மாற்றிக்கொள்ளுங்கள்.

வகுப்பை ஐந்தைந்து பேராகப் பிரித்துவிட வேண்டும். ஒவ்வொரு அணியும் ஒரு கற்பனைக் குடும்பம். அப்பா கொத்தனார், கூலி 900, டீ, பஸ் எல்லாம் போக வீட்டுக்கு வந்து சேர்வது 750. அம்மா தையல், மாதம் 3,500. இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. ஒரு கொட்டை 500 ரூபாய். மாதத்தில் 24 நாள் வேலை இருந்தால் மொத்தம் 21,500 ரூபாய், அதாவது 43 கொட்டை. அதைக் கையில் கொடுத்துவிட்டு, கரும்பலகையில் செலவை எழுதுவேன்: வாடகை 9 கொட்டை, மளிகை, பால், காய்கறி 16, கேஸும் கரண்டும் 3, மகளிர் குழுத் தவணை 4, ரீசார்ஜ் 1, பஸ்ஸும் பள்ளிச் செலவும் 3, மருந்துக்கு 1. மொத்தம் 37. மிச்சம் ஆறு கொட்டை. "சார், ஆறு மிச்சம்!" என்று கத்துவார்கள். அந்தச் சந்தோஷம் முக்கியம், கெடுக்காதீர்கள்.

அப்புறம் மாதம் மாதமாக நகர்த்துங்கள். ஜூனில் பள்ளி திறப்பு, பேக், செருப்பு, நோட்டு என்று எட்டுக் கொட்டை. ஆடியில் கோயில் வரி, ஒரு மொய். அக்டோபரில் அம்மாவுக்குத் தீபாவளித் தையல் கூடுதலாக வரும், 3,500-க்குப் பதில் 7,000. உடனே புதுத்துணிக்கு ஏழு கொட்டை போய்விடும். அடுத்து நவம்பர். மழை. கொத்து வேலை பத்து நாள்தான். வரவு 11,000, 22 கொட்டை. செலவோ அதே 37. பதினைந்து கொட்டை குறைகிறது.

இந்த இடத்தில்தான் வகுப்பு உண்மையில் ஆரம்பிக்கிறது. சில அணிகளிடம் முன் மாத மிச்சம் கொஞ்சம் இருக்கும், சில அணிகளிடம் ஒன்றுமே இருக்காது. பள்ளத்தை எப்படி மூடுவது என்று அவர்களே பேசி முடிவெடுக்க வேண்டும். வாடகையை ஒரு மாதம் தள்ளிப்போடலாமா, மளிகைக் கடை அண்ணாச்சியிடம் நோட்டில் எழுதச் சொல்லலாமா, தோட்டை அடகு வைக்கலாமா, தினவசூலுக்குக் கடன் தரும் தண்டல்காரரிடம் போகலாமா, குழுவில் உள்கடன் கிடைக்குமா? ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "சார், கொத்தனாருக்கு மழைக்காலத்தில் உள்வேலை கிடைக்கும், பூச்சு வேலை, டைல்ஸ் வேலை. அதை முன்னாடியே ஒரு மேஸ்திரிகிட்ட சொல்லி வச்சிருக்கணும்" என்றாள். எந்தப் பட்ஜெட் புத்தகத்திலும் இந்தப் பதில் இருக்காது. செலவைக் குறைப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த வகுப்பு அன்றைக்கு வரவைப் பற்றிப் பேசியது.

கொட்டைக்குப் பதில் காகித நோட்டு அச்சடிக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் கையில் எண்ணி வைக்கும் பொருளாக இருக்கட்டும், செல்போன் திரையில் ஓடும் எண் வேண்டாம். கை காலியாவது தெரிய வேண்டும்.

பிள்ளைகளிடம் அவரவர் வீட்டுக் கணக்கையே எழுதி வரச் சொல்லலாமா? நிஜமாக இருக்குமே?

கூடாது. இதில் நான் ரொம்பக் கறார். வீட்டு வருமானத்தை எழுதி வா என்றால் இரண்டு விதமான நோட்டுகள் வரும்: பொய் எழுதிய நோட்டு ஒன்று, எழுதிவிட்டு யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று பைக்குள் அமுக்கி வைத்த நோட்டு இன்னொன்று. அப்பா குடிப்பதும், அடகில் இருக்கும் தாலியும், பாதியில் நின்ற வீடும் அந்தக் கணக்கில் இருக்கும். அதைப் பார்க்கும் உரிமை நமக்குக் கிடையாது. கற்பனைக் குடும்பத்தை வைத்துக்கொண்டால் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சங்கதியைத் தங்கள் வீடு என்று சொல்லாமலே பேசிவிடுவார்கள். "அந்த அப்பா சனிக்கிழமை கூலியில் பாதியைத்தான் தருவார்னு வச்சுக்கலாமா சார்?" என்று ஒரு பையன் கேட்டால், வச்சுக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கணக்கைத் தொடருங்கள். யார் வீடு என்று விசாரிக்காதீர்கள்.

அவரவர் சொந்தமாகச் செலவழிக்கும் காசுக்கு மட்டும் ஒரு வாரம் குறிப்பு எழுதச் சொல்லலாம். அதையும் திருத்தக் கேட்டு வாங்க வேண்டாம்.

50-30-20 விதியைச் சொல்லித் தரலாமா?

தேவைக்கு 50, ஆசைக்கு 30, சேமிப்புக்கு 20 சதவீதம் என்ற அந்த விதி அமெரிக்காவில், மாதச் சம்பளம் வாங்கும் நடுத்தரக் குடும்பங்களை மனதில் வைத்துப் பிரபலமானது. மேலே சொன்ன கொத்தனார் வீட்டில் தேவைக்கே 86 சதவீதம் போய்விடுகிறது. அந்த வீட்டுப் பிள்ளையிடம் 50-க்குள் அடக்கு என்று சொன்னால், தன் அம்மாவுக்கு நிர்வாகம் தெரியவில்லை என்றுதான் அதன் காதில் விழும். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் பன்னிரண்டாம் வகுப்பில் சொல்லி, அது எந்த வருமானத்துக்கு மேல் பொருந்தத் தொடங்குகிறது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நல்ல கணக்கு அது.

கையில் காசே இல்லாத பிள்ளைக்குப் பட்ஜெட் எதற்கு?

காசு குறைவாக உள்ள வீட்டில்தான் கணக்கு அதிகம். மாதம் ஒரு லட்சம் வரும் வீட்டில் இரண்டாயிரம் எங்கே போனது என்று தெரியாமலே இருக்கலாம், ஒன்றும் ஆகாது. 11,000 வரும் மாதத்தில் அந்த இரண்டாயிரம் எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்கு அஞ்சறைப் பெட்டி வரைக்கும் தெரிந்தாக வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு நாம் புதிதாகச் சொல்லித் தர வேண்டியது கொஞ்சம்தான். பலரும் பத்து வயதிலேயே ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள். அவர்களுக்குத் தெரியாமல் இருப்பது வட்டிக் கணக்கு.

வட்டியை எப்படிச் சொல்லித் தருகிறீர்கள்?

ஊரில் பேசுகிற வட்டியிலிருந்து. புத்தகம் ஆண்டு வட்டியில் பேசுகிறது, தெரு மாத வட்டியில் பேசுகிறது. குழப்பமெல்லாம் இதில்தான். "வெறும் மூணு பைசா வட்டிதான்" என்றால் ரூபாய்க்கு மாதம் மூன்று பைசா, ஆண்டுக்கு 36 சதவீதம். வங்கி நகைக்கடன் 9, 10 என்று சொன்னதும் "பத்தா? அது மூணைவிட அதிகமாச்சே" என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பெரியவர்களிலேயே. இந்த ஒரு மாற்றலை மட்டும் எட்டாம் வகுப்பு முழுவதற்கும் தலைகீழாகச் சொல்ல வரும் அளவுக்குப் பழக்கிவிட்டால் போதும்.

அடுத்தது தண்டல். பத்தாயிரம் ரூபாய் தண்டல் என்பார்கள், கையில் வருவது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "1,500 ரூபாய் வட்டி, 15 சதவீதம்தானே" என்று வகுப்பு சொல்லும். இல்லை. முதலில், வாங்கியது 8,500-தான், அதனால் அதன் மேல்தான் கணக்கு. இரண்டாவது, முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கிறோம், ஐம்பதாவது நாளில் கையில் இருக்கும் கடன் ஏறக்குறைய பாதிதான். சராசரியாக 4,250 ரூபாயை நூறு நாள் வைத்திருந்ததற்கு 1,500 கொடுத்திருக்கிறோம். அது 35 சதவீதம், நூறு நாளுக்கு. ஆண்டுக்கு 365 நாள் என்று நீட்டினால் நூறைத் தாண்டி எங்கோ நிற்கிறது. நாள்வாரியாகத் துல்லியமாகப் போட்டாலும் ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம் வரும். கரும்பலகையில் அந்த எண் விழும்போது வகுப்பே அடங்கிவிடும்.

ஆனால் தண்டல்காரரை வில்லனாக்கி முடித்துவிடாதீர்கள். காய்கறி வண்டிக்கார அக்கா ஏன் அவரிடம் போகிறார்? காலை நான்கு மணிக்கு மார்க்கெட்டுக்குப் போகும் முன் கையில் காசு கொடுப்பவர் அவர் மட்டும்தான். வங்கி திறக்க ஆறு மணி நேரம் இருக்கிறது, திறந்தாலும் ஜாமீன் கேட்கும். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-இல் தர்மபுரியில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியதற்குக் காரணமே இந்த இடைவெளிதான் என்பதையும் அதே வகுப்பில் சொல்லுங்கள். கந்துவட்டிக்கு எதிராக 2003-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

சீட்டு பற்றிப் பேசலாமா? பெற்றோர் பலர் நடத்துகிறார்கள், கட்டுகிறார்கள்.

அதனால்தான் பேச வேண்டும். வகுப்பிலேயே ஒரு ஏலச் சீட்டு நடத்திக் காட்டுங்கள், காசு இல்லாமல். இருபது பேர், ஆளுக்கு 1,000, இருபது மாதம். மாதம் சேர்வது 20,000. மூன்றாம் மாதம் ஒருத்தர் அவசரத்துக்கு 5,000 தள்ளி, அதாவது அவ்வளவு குறைத்துக்கொண்டு, கேட்கிறார். அவர் கையில் 15,000. தள்ளிய 5,000-இல் நடத்துபவர் கமிஷன் 1,000 போக மீதி 4,000-ஐ இருபது பேருக்குப் பிரித்தால் தலைக்கு 200. ஆக அந்த மாதம் எல்லோரும் 800 கட்டினால் போதும். இதே சீட்டு ஒருவருக்குக் கடன், இன்னொருவருக்குச் சேமிப்பு. கடைசி மாதம் வரை காத்திருந்து எடுப்பவருக்கும் முதலில் எடுப்பவருக்கும் கணக்குப் போட வைத்தால் ஒரு பாடவேளை பறந்துவிடும்.

அப்புறம் ஆபத்தைச் சொல்லுங்கள். சீட்டை 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்து நடத்த வேண்டும், அதில் நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தெருவில் நடக்கும் பெரும்பாலானவை நம்பிக்கைச் சீட்டு. எடுத்தவர் கட்டாமல் போனாலோ நடத்துபவர் ஊரைவிட்டுப் போனாலோ கையில் ஒரு கோடு போட்ட நோட்டைத் தவிர எதுவும் இருக்காது. தீபாவளிச் சீட்டில் பண்டமும் பலகாரமும் தருகிறேன் என்று ஊர் ஊராக வசூலித்துவிட்டு ஐப்பசி பிறக்கும்போது காணாமல் போனவர்கள் கதை எந்த வகுப்பில் கேட்டாலும் இரண்டு மூன்று வரும். பிள்ளைகள் இதை வீட்டில் போய்ச் சொன்னால் அம்மா கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்படாதீர்கள். "ரசீது தர்றாங்களாம்மா?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்கச் சொல்லி அனுப்புங்கள்.

மொய் எல்லாம் பாடத்தில் வருமா?

எங்கள் வகுப்பில் ரொம்ப நேரம் ஓடுவதே அதுதான். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம், பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி மாதம் மொய் விருந்து நடப்பதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, நோட்டில் எழுதி வாங்குவார்கள், இப்போது கம்ப்யூட்டர் ரசீது வரை வந்துவிட்டது. மொய் செய்தவர் பின்னால் விருந்து வைக்கும்போது, வாங்கியவர் அதைத் திருப்பி வைத்து, மேலே புதுமொய்யும் வைக்க வேண்டும். வட்டியில்லாத பெருங்கடன் இது, ஜாமீன் ஊர்வாய்தான். அந்தப் பணத்தில் கிணறு வெட்டியவர்கள் உண்டு, வெளிநாடு போனவர்கள் உண்டு. மொத்தமாகக் கையில் வந்ததைச் சாதாரணச் செலவில் கரைத்துவிட்டு, அடுத்தடுத்த ஆடிகளில் வந்து விழும் பத்திரிகைகளுக்குக் கடன் வாங்கி மொய் செய்தவர்களும் உண்டு.

வகுப்பில் நான் கேட்பது: ஐந்து லட்சம் மொய் வந்தது, அது வருமானமா கடனா? பாதி வகுப்பு ஒருபக்கம், பாதி மறுபக்கம் நின்று சண்டை போடும். விடுங்கள், போடட்டும். "ஐந்து லட்சத்தில் எவ்வளவு ஏற்கெனவே நாம் செய்தது திரும்பி வந்தது, எவ்வளவு புதுசு" என்று யாராவது பிரித்துப் பார்க்கச் சொல்லும் வரை நான் வாயைத் திறப்பதில்லை.

நகை, கரண்ட் பில், கடைச் சாமான் மாதிரி சின்னக் கணக்குகள் சொல்லுங்களேன்.

நகை: கணக்கு எளிதாக இருக்க கிராம் 10,000 என்று வைத்துக்கொண்டு, அரைப் பவுன் மோதிரம், நாலு கிராம், 40,000. சேதாரம் 12 சதவீதம் என்றால் 4,800. இரண்டையும் சேர்த்து 3 சதவீத ஜிஎஸ்டி 1,344. கடையில் கொடுத்தது 46,144. மறுநாள் அதே மோதிரத்தை விற்கப் போனால் தங்கத்துக்கு உண்டானதைத்தான் தருவார்கள். நகையை முதலீடு என்று சொல்பவர்களுக்கு இந்த 6,144-ஐக் காட்டுங்கள்.

கரண்ட் பில்: 2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 1,958. ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுக்கான சலுகை விலை போய்விடுவதுதான் காரணம். அதற்குப் பின் விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது, புது விலையைப் போட்டு அவர்களையே செய்யச் சொல்லுங்கள்.

ஷாம்பு: ஒரு ரூபாய் பாக்கெட்டையும் பெரிய பாட்டிலையும் கொண்டுவந்து மில்லி கணக்கில் பார்க்கச் சொல்லுங்கள். மொத்தமாக வாங்கினால் மலிவு என்ற நம்பிக்கை பல பிராண்டுகளில் உடைந்து போகும். ஷாம்பை பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று கடலூர் சின்னிகிருஷ்ணன் காட்டியதையும் போகிற போக்கில் சொல்லலாம், நம் ஊர்ச் சரக்கு.

பத்து வயதுப் பிள்ளைக்கு வங்கிக் கணக்கு தேவையா?

இருப்பது நல்லது. பத்து வயது நிறைந்தவர்கள் சேமிப்புக் கணக்கைத் தாங்களே தொடங்கி இயக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது, எவ்வளவு வரை என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். தபால் நிலையத்திலும் பத்து வயதில் தொடங்கலாம், 500 ரூபாய் வேண்டும், வட்டி 4 சதவீதம். உதவித்தொகைக்காகப் பல பிள்ளைகளுக்கு ஏற்கெனவே கணக்கு இருக்கும், பாஸ்புக் பீரோவில் தூங்கும். அதை எடுத்துவரச் சொல்லி வரி வரியாகப் படிக்க வைப்பதே ஒரு பாடம். எஸ்எம்எஸ் கட்டணம், ஏடிஎம் கார்டு கட்டணம், குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கு அபராதம் என்று எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தேடட்டும். கூட்டத்தில் பெயரும் தொகையும் வெளியே வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள், மாதிரிப் பாஸ்புக் பக்கம் ஒன்றை நீங்களே தயார் செய்துவிட்டால் இன்னும் நல்லது. இரண்டு ஆண்டு வரவு செலவே இல்லாமல் கிடந்தால் கணக்கு செயலற்றதாகிவிடும், மறுபடி எழுப்ப அலைய வேண்டும்.

பழைய ஆசிரியர்களுக்கு சஞ்சயிகா ஞாபகம் இருக்கும். பிள்ளைகளே நடத்திய பள்ளி வங்கி. ஐம்பது பைசா, ஒரு ரூபாய் என்று போட்டு எடுத்தது. அதில் சேர்ந்த தொகை சொற்பம்தான், ஆனால் லெட்ஜர் எழுதிய பிள்ளைகளுக்குக் கணக்கு வந்தது.

செல்போன், யூபிஐ, ஆன்லைன் விளையாட்டு பற்றி என்ன சொல்வது?

சுருக்கமாக, பயமுறுத்தாமல். நமக்கு வரும் பணத்தை வாங்க யூபிஐ ரகசிய எண் (PIN) போடவே தேவையில்லை, யாராவது போடச் சொன்னால் உங்கள் பணம் போகப்போகிறது. இந்த ஒன்று தெரிந்தாலே பாதி மோசடி செத்துவிடும். பணம் போய்விட்டால் வீட்டில் திட்டுவார்களே என்று மறைக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐக் கூப்பிட வேண்டும், நேரம் ஆக ஆகப் பணம் கைமாறிக்கொண்டே போகும். உடனடிக் கடன் செயலி உங்கள் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், அப்படிக் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது.

காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம் வந்துவிட்டது. அதற்காகப் பாடத்தை விட்டுவிட முடியாது, வேறு பெயரில் வரும்.

பன்னிரண்டாம் வகுப்புக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது இன்னொன்று. "உன் வங்கிக் கணக்கை ஒரு வாரம் கொடு, ஐயாயிரம் தருகிறேன்" என்று கல்லூரி வாசலில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்குக்காரர் வீட்டில்தான்.

பங்குச்சந்தை, எஸ்ஐபி (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுவது) சொல்லித் தரலாமா?

ஆர்வம் இருக்கும் பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லுங்கள், பங்கு என்றால் என்ன என்று பன்னிரண்டாம் வகுப்பில் தெரிந்தால் நல்லதுதான். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் "மாதம் 1,000 போட்டால் முப்பது வருஷத்தில் இவ்வளவு" என்று படம் காட்டுவது என் பார்வையில் விளம்பரம். மூன்று பைசா வட்டிக் கடனை அடைப்பதைவிட உறுதியான லாபம் எந்தச் சந்தையும் தருவதில்லை.

இதெல்லாம் சொல்லிக் கொடுத்தால் நிஜமாகவே பலன் இருக்கிறதா?

நியாயமான கேள்வி. 2014-இல் பெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்டிமேயர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதுவரை வந்த சுமார் இருநூறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மக்களின் பண நடத்தையில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 0.1 சதவீதத்துக்குத்தான் நிதிக் கல்வி காரணம் என்றும், சொல்லிக் கொடுத்தது நாளாக ஆக மறந்துபோகிறது என்றும் வந்தது. பின்னால் வந்த தொகுப்புகள் கொஞ்சம் நம்பிக்கையாகச் சொல்கின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது பிரேசில் அனுபவம். அங்கே சுமார் 900 உயர்நிலைப் பள்ளிகளை வைத்துப் பெரிய சோதனை நடந்தது. பிள்ளைகளின் சேமிப்பு கூடியது. கூடவே, அதிக வட்டிக்குத் தவணையில் பொருள் வாங்குவதும் கூடியது. அதனால்தான் சேமிப்பைவிடக் கடனுக்கு நான் அதிக நேரம் கொடுக்கிறேன். முடிவெடுக்கப் போகும் நேரத்துக்குப் பக்கத்தில் சொல்வதுதான் நிற்கும் என்பதையும் அந்த 2014 ஆய்விலிருந்து எடுத்துக்கொண்டேன். தீபாவளிச் சீட்டைத் தீபாவளி முடிந்து புதுச் சீட்டு சேர்க்கும் நேரத்தில் பேசுங்கள், போன் தவணையைப் பன்னிரண்டாம் வகுப்புக் கடைசி மாதத்தில்.

மதிப்பெண் போட வேண்டுமா?

வட்டிக் கணக்குக்குப் போடுங்கள். குடும்பம் எப்படிச் செலவழித்தது என்பதற்குப் போடாதீர்கள். அம்மனுக்குக் கூழ் ஊற்ற இரண்டு கொட்டை ஒதுக்கிய அணிக்கு மதிப்பெண்ணைக் குறைக்க நாம் யார்?

பாக்கெட் மணி கொடுக்கலாமா? (இது பெற்றோர் கேள்வி)

முடிந்தால் கொடுங்கள், முடியாவிட்டால் குற்ற உணர்ச்சி வேண்டாம். தினம் பத்து ரூபாய் தருவதைவிட வாரத்துக்கு ஒருமுறை ஐம்பது தருவது நல்லது, புதன்கிழமையே தீர்ந்துபோனால் வெள்ளி வரை அதுவே கற்றுக்கொள்ளும். நடுவில் மனசு கேட்காமல் மேற்கொண்டு கொடுத்துவிடாதீர்கள். பாட்டி கொடுத்துவிடுவார்கள், அதை நம்மால் தடுக்க முடியாது.

கல்லூரி போகிற பிள்ளைக்கு மாதம் ஆயிரம் வருகிறது, அதை எப்படிக் கையாளச் சொல்வது?

அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப்புதல்வன் திட்டமும் தொடங்கப்பட்டு, மாதம் 1,000 ரூபாய் நேரே அவர்கள் கணக்குக்கே வந்தது. பல பிள்ளைகளுக்குத் தன் பெயரில் வரும் முதல் மாதப் பணம் அதுதான். நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: இந்தப் பணம் வீட்டுக்கா, உனக்கா? அதை வீட்டில் உட்கார்ந்து முதல் மாதமே பேசி முடித்துவிட வேண்டும். பாதி பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும், பாதி வீட்டுக்கு என்று பேசிக்கொண்ட பிள்ளைகள் நிம்மதியாக இருக்கிறார்கள். பேசாமல் விட்டால் அப்பா ஒரு கணக்கு வைத்திருப்பார், பிள்ளை ஒரு போன் தவணை போட்டிருக்கும். அந்தத் தவணையைப் பற்றியும் ஒரு வார்த்தை: "ஜீரோ வட்டி" என்று 15,000 ரூபாய் போனை மாதம் 1,250 வீதம் தருவார்கள். அதே போன் மொத்தமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கேட்கச் சொல்லுங்கள். 13,800 என்றால் அந்த 1,200 ரூபாய்தான் வட்டி, மேலே பிராசசிங் கட்டணம் வேறு. தவணை 1,250, வருவது 1,000. மீதி 250 மாதாமாதம் எங்கிருந்து வரும் என்று கடைக்குள் நுழையும் முன்னாலேயே எழுதிப் பார்த்துவிடட்டும்.